தெயும்மனின் தலை: ஏலாமும் அசீரியாவும் எதற்காக மோதிக்கொண்டன?

பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கல்பலகையின் பரப்பிலிருந்து உருவங்கள் லேசாக மேலெழும்பி நிற்கும்படி செதுக்குவதைத்தான் புடைப்புச் சிற்பம் என்கிறோம். திராட்சைக் கொடிப் பந்தலின் கீழ் உயரமான கட்டிலில் ஒரு ராஜா ஒருக்களித்துச் சாய்ந்திருக்கிறான். எதிரே நாற்காலியில் ராணி. இருவர் கையிலும் கிண்ணம். பின்னால் நின்று விசிறும் பணியாட்கள், உணவு ஏந்தி வருபவர்கள், யாழ் வாசிப்பவர்கள், மரத்தில் பறவைகள். கல்யாண வீட்டு ஆல்பம் மாதிரி நிம்மதியான காட்சி. இடது பக்கம் யாழ்க்காரருக்கு அருகில் உள்ள மரத்தைக் கவனிக்கும் வரைக்கும்தான். அதன் கிளையில் ஒரு மனிதத் தலை தொங்குகிறது.

கட்டிலில் சாய்ந்திருப்பவன் அசூர்பனிபால், அசீரியப் பேரரசன். தொங்கும் தலை தெயும்மன் என்ற ஏலாம் நாட்டு மன்னனுடையது. கி.மு. 664 முதல் 653 வரை ஆண்டவன்.

இணையத்தில் ஏலாமைப் பற்றி ஏராளமாகப் பேசுகிறார்கள். ‘ஈரான், ஈராக் சண்டை அப்போதே ஆரம்பித்துவிட்டது’ என்கிறார் ஒருவர். ‘ரத்தவெறி பிடித்த பேரரசு, அப்பாவிச் சின்ன நாடு’ என்கிறார் இன்னொருவர். ‘ஏலாம்தான் நம் ஈழம்’ என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே சரியில்லை. இந்தப் பகையை ஓட்டிச்சென்ற விஷயம் ரொம்பச் சாதாரணமானது, நம் கிராமத்துப் பங்காளிச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஏலாம் எங்கே இருந்தது?

இன்றைய ஈரானின் தென்மேற்கு மூலை. இதை ஒரே துண்டாக நினைக்கக் கூடாது. கீழே சமவெளி, மேலே மலை. சமவெளியின் தலைநகர் சூசா. இன்றைக்கு அதன் பெயர் ஷூஷ், குசெஸ்தான் மாகாணத்தில் இருக்கிறது. மலைப்பக்கத்தின் பெரிய நகரம் அன்ஷான், இன்றைய ஷிராசுக்கு வடமேற்கே. வயலும் ஆறும் கீழே. மரம், கல், உலோகம், குதிரை எல்லாம் மேலே. பழைய ஏலாம் மன்னர்கள் தங்களை ‘அன்ஷானுக்கும் சூசாவுக்கும் அரசன்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொண்டார்கள். கீழே எதிரி வந்தால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய பெரிய பலம். மேலே இருக்கும் பிரபுக்கள் கீழே இருக்கும் ராஜாவை எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம் என்பது அதே அளவு பெரிய பலவீனம்.

அசீரியா இன்றைய ஈராக்கின் வடக்கில். தலைநகர் நினிவே, மோசூல் நகரத்தை ஒட்டி டைகிரிஸ் ஆற்றங்கரையில். நினிவேயிலிருந்து சூசாவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 600 கிலோமீட்டருக்கு மேல். அப்படியானால் இரண்டும் எப்படிப் பக்கத்து வீடுகள் ஆயின? அதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு ஏலாம் புதிதல்ல. தானியேல் புத்தகத்தில் ஏலாம் தேசத்துச் சூசான் அரண்மனையும் அருகே ஓடும் ஊலாய் ஆறும் வருகின்றன. தெயும்மன் செத்தது அந்த ஊலாய்க் கரையில்தான்.

ஈழத்துக்கும் இதற்கும் என்ன?

பெயரைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லை. ‘ஏலாம்’ என்பது அந்த மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே கிடையாது. பாபிலோனியர் ‘எலம்து’ என்றார்கள், எபிரேயர் ‘ஏலாம்’ என்றார்கள். சொந்தக்காரர்கள் தங்கள் நாட்டை ‘ஹதம்தி’ என்ற மாதிரி எழுதினார்கள். ஹதம்தியை எப்படிப் புரட்டினாலும் ஈழம் வராது.

மொழியைப் பொறுத்தவரை கதை கொஞ்சம் வேறு. ஏலாமிய மொழி சுமேரியத்துக்கும் உறவில்லை, பாபிலோனிய மொழிக்கும் உறவில்லை, பாரசீகத்துக்கும் உறவில்லை. இப்படி உறவுக்காரர் இல்லாத மொழியைத் தனிமொழி என்பார்கள். டேவிட் மெக்கால்பின் என்ற மொழியியலாளர் 1970களிலிருந்து, ஏலாமியமும் திராவிட மொழிகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை என்று வாதிட்டார். அது ஒழுங்கான ஆய்வுக் கருதுகோள்தான், வெறும் கற்பனை இல்லை. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. காட்டப்பட்ட ஒற்றுமைகள் போதாது என்பது அவர்கள் கருத்து. ‘நிரூபிக்கப்பட்டுவிட்டது’ என்று வாட்ஸப்பில் வந்தால் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

நடுவில் கிடந்த நிலம்

இப்போது அந்தப் பக்கத்து வீட்டுக் கேள்வி. இரண்டு பண்ணைகள் இருக்கின்றன, நடுவில் ஒரு நல்ல நஞ்சை நிலம். நிலத்துக்கு வேறு ஒரு உரிமையாளர் உண்டு, ஆனால் ஆள் பலவீனமானவர். வடக்குப் பண்ணைக்காரர் அதில் வேலி போட்டால், தெற்குப் பண்ணைக்காரருக்கு அன்றிரவு தூக்கம் வராது. அடுத்த வேலி தன் வாசலில் என்று அவருக்குத் தெரியும். அதனால் நிலத்துக்காரருக்கு ரகசியமாகக் கம்பும் ஆளும் கொடுத்து, ‘வேலியைப் பிடுங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார்.

அந்த நஞ்சைதான் பாபிலோனியா, அதாவது இன்றைய ஈராக்கின் தென்பகுதி. வடக்கே அசீரியா, கிழக்கே ஏலாம். இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, இருவரையும் நேருக்கு நேர் முட்டாமல் வைத்திருக்கும் நாட்டை இடைநாடு என்று சொல்லலாம். அசீரியா பாபிலோனை விழுங்க முயன்ற ஒவ்வொரு முறையும் ஏலாம் பாபிலோனியக் கலகக்காரர்களுக்கு ஆள் அனுப்பியது. பாபிலோன் மேல் பாசம் ஒன்றும் இல்லை. அசீரியப் படை தன் வாசலுக்கு வந்துவிடக் கூடாது, அதுதான் கணக்கு.

ஏலாம் அப்பாவியாகவும் இருந்ததில்லை. கி.மு. 2004 வாக்கில் சுமேரியரின் ஊர் நகரத்தை (ஆமாம், அந்த நகரத்தின் பெயரே ஊர்) ஏலாமியப் படை சூறையாடி, அதன் கடைசி அரசன் இப்பி-சினைச் சிறைபிடித்துக் கொண்டுபோனது. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஷுத்ருக்-நஹுந்தே என்ற ஏலாம் மன்னன் பாபிலோனியாவுக்குள் புகுந்து வெற்றித் தூண்களை எல்லாம் வாரிக்கொண்டு போனான். ஹமுராபியின் சட்டங்கள் பொறித்த புகழ்பெற்ற கறுப்புக் கல்லை 1901-02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் கண்டெடுத்தது பாபிலோனில் இல்லை, சூசாவில். இன்று அது பாரிஸில் லூவர் மியூசியத்தில் நிற்கிறது. கொள்ளைப் பொருளுக்கும் ஒரு பயண வரலாறு உண்டு.

தெயும்மனுக்கு ஒரு தலைமுறை முன்பு இந்த இழுபறி சொந்த ரத்தம் வரை போய்விட்டது. அசீரிய அரசன் சனகெரிப் தன் மகனையே பாபிலோனுக்கு ராஜாவாக்கியிருந்தான். கி.மு. 694இல் ஏலாமியர் பாபிலோனியாவுக்குள் பாய்ந்து அந்த மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் அவன் திரும்பவே இல்லை. ஐந்து வருடம் கழித்து, 689இல், சனகெரிப் பாபிலோன் நகரத்தையே தரைமட்டமாக்கினான். அசூர்பனிபால் அந்தச் சனகெரிப்பின் பேரன்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஏலாம் என்பது சமவெளியும் மலையும் சேர்ந்த, அடிக்கவும் அடிவாங்கவும் தெரிந்த பழைய அரசு. அசீரியாவோடு அதற்கு நேரடி எல்லைச் சண்டையைவிட, நடுவில் இருந்த பாபிலோனை யார் கையில் வைத்துக்கொள்வது என்ற சண்டைதான் பெரிது.

பங்காளி போய் உட்கார்ந்த வீடு

நிலம் மட்டும் காரணம் என்றால் பகை கொஞ்சம் தணிந்து கொஞ்சம் எழுந்து என்று போயிருக்கும். அதை எரியவைத்த எண்ணெய் வேறு.

ஒரு வீட்டில் சொத்துத் தகராறு. சித்தப்பா சொத்தைக் கைப்பற்றிவிட்டார். அண்ணன் பிள்ளைகள் உயிருக்குப் பயந்து ஓடிப்போய் எதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரி வீட்டுக்காரர் சோறு போடுகிறார். இனி சித்தப்பாவால் நிம்மதியாகக் கண்மூட முடியுமா? அந்தப் பிள்ளைகள் வெறும் பிள்ளைகள் இல்லை. ஊர் ஏற்றுக்கொள்ளக்கூடிய வாரிசுகள். என்றைக்காவது எதிரி அவர்களை முன்னால் நிறுத்தி, ‘உரிமைக்காரர் வந்திருக்கிறார்’ என்று படையோடு வரலாம்.

இப்படிப் பக்கத்து அரசவையில் அடைக்கலம் புகுந்து, தன் நாட்டு அரியணைக்கு உரிமை கோரக்கூடிய அரச குடும்பத்தவரை அடைக்கல இளவரசர் என்று குறிப்போம். ஏலாம்–அசீரியப் பகையில் படை, தேர், வில் எல்லாவற்றையும்விட வலிமையான ஆயுதம் இதுதான். இரண்டு பக்கமும் பயன்படுத்தினார்கள். பாபிலோனியக் கலகத் தலைவர்கள் தோற்றால் ஓடுவது ஏலாமுக்கு. ஏலாமிய இளவரசர்கள் ஓடுவது நினிவேக்கு.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது

வியப்பாக இருக்கும், தெயும்மனுக்குச் சற்று முன்பு இரண்டு நாடுகளும் சமாதானமாக இருந்தன. அசூர்பனிபாலின் தந்தை எசரத்தோன் கி.மு. 674 வாக்கில் ஏலாம் மன்னன் உர்தாக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டான். ஏலாமில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, தான் தானியம் அனுப்பியதாகவும், பசியில் ஓடிவந்த ஏலாமியரை மழை பெய்து விளைச்சல் வரும்வரை வைத்திருந்து பிறகு திருப்பி அனுப்பியதாகவும் அசூர்பனிபாலின் கல்வெட்டுகள் சொல்கின்றன.

அந்த உர்தாக்தான் கி.மு. 664இல் பாபிலோனியாவுக்குள் படையோடு நுழைந்தான். சோறு போட்ட கையைக் கடித்துவிட்டான் என்று அசூர்பனிபாலுக்கு ஆத்திரம். உள்ளூர்த் தலைவர்கள் சிலர் தூண்டிவிட்டார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறான். அசீரியப் படை உர்தாக்கை விரட்டியது. அதே வருடம் உர்தாக் இறந்துபோனான்.

அந்தக் குழப்பத்தில்தான் தெயும்மன் அரியணையைப் பிடித்தான். பிடித்ததும் முதல் வேலையாக முந்தைய மன்னர்களின் பிள்ளைகளைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டதாகச் சொல்லப்படுகிறது. உர்தாக்கின் மூன்று மகன்கள், உர்தாக்குக்கு முன் ஆண்ட அவன் அண்ணனின் இரண்டு மகன்கள், அரச குடும்பத்தார் 60 பேர், கூடவே ஏராளமான வில்லாளிகள் என்று ஒரு கூட்டமே எல்லை தாண்டி நினிவேக்கு ஓடியது. அசூர்பனிபால் வரவேற்று உட்காரவைத்தான்.

தெயும்மன் கேட்டது ஒன்றே ஒன்று

‘அவர்களை அனுப்பிவை.’ அவ்வளவுதான். பல வருடம் தூதுமேல் தூதாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான். தூதர்களின் பெயர்கூட நமக்குக் கிடைத்திருக்கிறது: உம்பதாரா, நபு-தமிக். அசூர்பனிபால் மறுத்தான். தூதர்களையும் திருப்பி அனுப்பாமல் அங்கேயே நிறுத்திவைத்தான்.

அசூர்பனிபால் தெயும்மனை ‘பேயின் மறுஉரு’ என்று திட்டுகிறான். ஆனால் நிதானமாக யோசித்தால், தெயும்மனின் பயம் நியாயமான பயம். அந்த 60 பேர் நினிவேயில் இருக்கும்வரை அவனுடைய நாற்காலிக்கு மூன்று கால்தான்.

கி.மு. 653இல் தெயும்மன் படை திரட்டினான். அந்த ஆண்டுதான் என்று எப்படித் தெரியும்? அசூர்பனிபாலின் எழுத்தில், போருக்குச் சற்று முன் ஒரு சந்திர கிரகணம் வந்ததாகக் குறிப்பு இருக்கிறது; விடியும்வரை நிலா இருண்டு கிடந்தது, அது ஏலாம் மன்னனின் முடிவுக்கு அறிகுறி என்கிறது. கிரகணங்களைக் கணக்குப் போட்டுப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியும். கி.மு. 653 ஜூலை 13 கிரகணம் இதற்குப் பொருந்துகிறது. நிலா சாட்சி சொல்லித்தான் இந்தப் போருக்கு ஆண்டு குறித்திருக்கிறார்கள்.

அதே சமயத்தில் தெயும்மனுக்கு உதடு கோணி, கண் பிறழ்ந்து ஏதோ ஒரு தாக்குதல் வந்ததாகவும் அந்த எழுத்து சொல்கிறது. பக்கவாதமாக இருக்கலாம். எதிரி எழுதிவைத்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்தி வந்தபோது அசூர்பனிபால் அர்பேலாவில் (இன்றைய எர்பில்) இஷ்தார் தேவியின் திருவிழாவில் இருந்தான். கோயிலில் நின்று அழுதான். அன்றிரவு ஒரு குறிசொல்பவரின் கனவில் தேவி வில்லும் அம்பறாத்தூணியுமாகத் தோன்றி, நீ இங்கேயே இரு, சாப்பிடு, குடி, பாட்டுக் கேள், நான் போய் அந்த வேலையை முடிக்கிறேன் என்று ராஜாவுக்குச் சொன்னாளாம். ராஜா போர்க்களத்துக்கு ஏன் போகவில்லை என்ற கேள்விக்கு இதைவிட அழகான பதிலை நான் படித்ததில்லை.

தில்-துபா: கல்லில் ஒரு படக்கதை

அசீரியப் படை கிழக்கே நகர்ந்ததும் தெயும்மன் சூசாவுக்குப் பின்வாங்கினான். வெள்ளியும் பொன்னும் வாரி இறைத்து ஆட்களைப் பிடித்துவைக்கப் பார்த்தான். ஊலாய் ஆற்றை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தில்-துபா என்ற இடத்தில் நின்றான். அன்று நடந்ததை அசீரியச் சிற்பிகள் நினிவே அரண்மனையில் செதுக்கினார்கள். மூன்று பெரிய பலகைகள் இப்போது லண்டனில் இருக்கின்றன. நல்ல தெளிவுள்ள படங்கள் இணையத்தில் கிடைக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் ஒரே இரைச்சல்தான் தெரியும். ஆட்கள், குதிரைகள், ஈட்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. இடமிருந்து வலமாக அசீரியர் தள்ளிக்கொண்டு போக, வலது ஓரத்தில் ஏலாமியர் ஆற்றில் விழுகிறார்கள். தண்ணீரில் மீன்கள், பிணங்கள், குதிரைகள், அம்பறாத்தூணிகள் எல்லாம் சேர்ந்து மிதக்கின்றன.

இதில் ஒரு ஆளை மட்டும் தேடுங்கள்: முன்மண்டையில் முடி ஏறிய, கொஞ்சம் வயதானவர். அவர் ஒரே பலகையில் திரும்பத் திரும்ப வருவார். அவர்தான் தெயும்மன். தேர் கவிழ்கிறது; அவனும் மகனும் தலைகுப்புற விழுகிறார்கள்; ராஜாவின் தொப்பி கழன்று பறக்கிறது. அடுத்து, முதுகில் அம்போடு ஓடும் தெயும்மனின் கையை மகன் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். அடுத்து இருவரையும் சூழ்ந்துகொள்கிறார்கள். ‘வில்லை எய்!’ என்று தெயும்மன் பதற்றத்தில் மகனிடம் கத்தியதாகத் தலைக்கு மேலே ஆப்பெழுத்தில் ஒரு வரி. ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தி எழுதியதால் ஆப்பு மாதிரி வடிவம் பெற்ற எழுத்துதான் ஆப்பெழுத்து. இங்கே அதையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். காமிக்ஸ் புத்தகத்தில் பாத்திரத்துக்கு மேலே வசனம் போடுவதற்கு 2,600 ஆண்டு முந்தைய வடிவம். கடைசியில் தலையை வெட்டுகிறார்கள். ஒரு தேர் அந்தத் தலையோடு ஓடுகிறது.

சின்னச் சின்னக் காட்சிகளும் உண்டு. தெயும்மனின் சம்பந்தக்காரன் ஒருவன் அம்பு பட்டுக் கிடக்கிறான். அருகில் வரும் அசீரியச் சிப்பாயைக் கூப்பிட்டு, என் தலையை வெட்டிக்கொண்டு போய் உன் ராஜாவிடம் கொடு, நல்ல பெயர் வாங்கிக்கொள் என்கிறான். இன்னொரு அதிகாரி போரின் போக்கைப் பார்த்து, இடுப்புக் கத்தியை எடுத்துத் தன் வில்லைத் தானே அறுக்கிறான். ஏலாமியருக்கு வில்தான் பெருமை. அவன் அறுப்பது வில்லை மட்டும் இல்லை.

(ஒரு எச்சரிக்கை: தெயும்மனின் மகன் பெயர் தம்மரிது. நினிவேயில் அடைக்கலம் இருந்த உர்தாக்கின் மகன் பெயரும் தம்மரிது. அம்பு பட்டவன் பெயரும் உர்தாக். தாத்தா பெயரை வரிசையாகப் பேரன்களுக்கு வைக்கும் குடும்பத்தில் பெண் கொடுத்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.)

தலை நினிவேக்கு வந்தது. நிறுத்திவைக்கப்பட்டிருந்த தூதர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். உம்பதாரா தாடியைப் பிய்த்துக்கொண்டான். நபு-தமிக் இடுப்பிலிருந்த இரும்புக் கத்தியால் தன் வயிற்றிலேயே குத்திக்கொண்டான். ஏலாமுக்குத் துணைநின்ற கம்பூலு என்ற பழங்குடியின் தலைவன் துனானுவைப் பிடித்து, அவன் கழுத்தில் அந்தத் தலையைக் கட்டித் தொங்கவிட்டு, பாட்டும் மேளமுமாக ஊர்வலம் விட்டார்கள். அப்புறம்தான் அந்தத் தோட்டத்து மரம்.

வெட்டியது யார்?

அசூர்பனிபாலின் வரலாறு பெரும்பாலும் களிமண் பட்டகங்களில் எழுதப்பட்டது. ஆறு, எட்டு, பத்து முகங்கள் கொண்ட கனமான களிமண் உருளையின் எல்லா முகங்களிலும் நெருக்கி எழுதிச் சுட்டெடுத்தது பட்டகம். அதில் அவன் ‘தெயும்மனின் தலையை நான் வெட்டினேன்’ என்று தன்மையில் பேசுகிறான். ஆனால் அவன் அரண்மனைச் சுவரில் இருக்கும் சிற்ப வரியோ, போரின் நடுவே ஒரு சாதாரணச் சிப்பாய் வெட்டிய தலை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டும் ஒரே ராஜாவின் ஆட்கள் எழுதியவைதான். ‘ராஜா கோயில் கட்டினார்’ என்றால் கல் சுமந்தார் என்றா அர்த்தம்? அப்படித்தான் இதுவும். அரசனின் ‘நான்’ என்பது அரசு என்ற பொருளில் வருகிறது.

தெயும்மன் தரப்பில் என்ன இருக்கிறது? சூசாவில் தெப்தி-ஹும்பன்-இன்ஷுஷினாக் என்ற மன்னன் பெயரில் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. அதன் சுருக்கம்தான் ‘தெயும்மன்’ என்று நீண்ட காலம் கருதினார்கள்; அவன் பிற்காலத்து வேறு மன்னன் என்று இப்போது சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் போரைப் பற்றி ஏலாமியர் எழுதிய ஒரு வரிகூட நம் கையில் இல்லை. கோணிய உதடு, பறந்த தொப்பி, பதறிய கத்தல் எல்லாமே வென்றவன் வாய்வழி வந்தவை. ஆண்டும் ஆட்களும் இடமும் நம்பத்தக்கவை. தெயும்மனின் குணத்தைப் பற்றி வரும் எல்லாவற்றையும் ஒரு சிட்டிகை உப்போடு அல்ல, ஒரு படி உப்போடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு முறை தொகுத்துக்கொள்வோம்: தெயும்மன் எல்லையை விரிக்கப் போருக்குப் போகவில்லை. தன் அரியணைக்கு உரிமை கோரக்கூடியவர்களை எதிரி வைத்திருந்தான், கேட்டான், கொடுக்கவில்லை, போனான், செத்தான்.

பொம்மை ராஜா பேச ஆரம்பித்தால்

வென்றும் அசீரியா ஏலாமைத் தன் மாகாணமாக இணைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் வைத்துச் சோறு போட்ட இளவரசர்களை எடுத்து நட்டது. உர்தாக்கின் மகன் உம்மனிகாஷை ஏலாமுக்கு ராஜாவாக்கினார்கள். அவன் தம்பி தம்மரிதுவை மலைப்பக்கத்து ஹிதாலு நகரத்தில் அமர்த்தினார்கள். வெளியார் தயவில் அரியணை ஏறி வெளியார் சொல்படி ஆடுபவனைப் பொம்மை மன்னன் என்போம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சொந்த ஊரில் மதிப்பு வேண்டுமென்றால் பொம்மை மன்னன் என்றாவது ஒருநாள் தன்னை உட்காரவைத்தவரை எதிர்த்துக் காட்டியாக வேண்டும். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. கி.மு. 652இல் பாபிலோனின் ராஜா, அசூர்பனிபாலின் சொந்தச் சகோதரன் ஷமாஷ்-ஷும்-உகின், கலகம் செய்தான். உம்மனிகாஷ் அவன் பக்கம் சேர்ந்தான். அதுவும் எப்படி? ‘போய் உன் அப்பாவுக்குப் பழிவாங்கு’ என்று தெயும்மனின் இன்னொரு மகனையே படையோடு அனுப்பினான். தன்னைக் கொல்லத் தேடியவனின் மகனை! பகையைவிட அரியணைக் கணக்குப் பெரிது.

உம்மனிகாஷைத் தம்மரிது வீழ்த்தினான். தம்மரிதுவை இந்தபிபி வீழ்த்தினான். தம்மரிது எங்கே ஓடினான்? நினிவேக்குத்தான், வேறெங்கே. இந்தபிபிக்கு அடுத்து ஹும்பன்-ஹல்தாஷ் வந்தான். பாபிலோன் கலகம் 648இல் அடங்கியது; ஷமாஷ்-ஷும்-உகின் தீயில் மாண்டான்.

இந்த இடத்தில்தான் கதை தன்னையே கண்ணாடியில் பார்க்கிறது. பாபிலோனியக் கலகத் தலைவர்களில் ஒருவனான நபு-பெல்-ஷுமாதே ஏலாமுக்கு ஓடி அடைக்கலம் புகுந்தான். இப்போது அசூர்பனிபால் தூது அனுப்புகிறான்: ‘அவனை அனுப்பிவை.’ தெயும்மன் பல வருடம் கேட்டு மறுக்கப்பட்ட அதே கோரிக்கை. ஏலாம் கொடுக்கவில்லை. அசீரியப் படை கி.மு. 646 வாக்கில் சூசாவுக்குள் புகுந்தது.

அசூர்பனிபால் பெருமையோடு பட்டியல் போடுகிறான். கருவூலத்தைத் திறந்தான், அடுக்கடுக்காக உயரும் கோயில் கோபுரத்தை இடித்தான், ஏலாம் மன்னர்களின் சிலைகள் 32ஐ எடுத்துப்போனான், பழைய அரசர்களின் கல்லறைகளைத் திறந்து எலும்புகளை அள்ளினான், நிலத்தில் உப்பைத் தூவினான். 1,635 ஆண்டுகளாக ஏலாமில் சிறையிருந்த நனையா தேவியின் சிலையை ஊருக் நகரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனதாகவும் சொல்கிறான். அந்த எண்ணைத் துல்லியமாக நம்ப வேண்டியதில்லை. ‘இது பழைய கடன்’ என்று சொல்லத்தான் அந்த எண்.

நபு-பெல்-ஷுமாதே? ஹும்பன்-ஹல்தாஷ் கடைசியில் அவனை ஒப்படைக்கச் சம்மதித்தான். அது தெரிந்ததும் அவனும் அவனுடைய பணியாளும் இரும்புக் கத்தியால் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு செத்தார்கள். உடலை உப்பிலிட்டு நினிவேக்கு அனுப்பினார்கள். அசூர்பனிபால் அந்தப் பிணத்தின் தலையையும் வெட்டி, ‘முன்பு செத்ததைவிட இன்னும் அதிகம் சாகவைத்தேன்’ என்று எழுதிவைத்திருக்கிறான்.

ஏலாம் அத்தோடு அழிந்துவிட்டதா?

பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அசூர்பனிபால் விரும்பியதும் அதுதான். ஆனால் நடந்தது வேறு. இருபது ஆண்டு கழித்து, அசீரியாவை எதிர்த்துப் பாபிலோனில் ஆட்சிக்கு வந்த நபோபொலாசர் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, அசீரியர் பிடித்துவந்து ஊருக்கில் வைத்திருந்த சூசாவின் தெய்வங்களைத் திருப்பி அனுப்பியது. அனுப்ப ஒரு சூசா இருந்தது, வாங்கிக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்.

பிற்பாடு பாரசீகப் பேரரசு எழுந்தபோது அதன் அலுவலக மொழிகளில் ஒன்று ஏலாமியம். கோதுமை எவ்வளவு, திராட்சை மது எவ்வளவு, யாருக்கு எத்தனை நாள் படி என்று பெர்செபோலிஸ் கணக்குப்பிள்ளைகள் கி.மு. 509 முதல் 493 வரை எழுதிய களிமண் ஏடுகள் 1933இல் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலும் ஏலாமிய மொழியில். பேரரசன் தாரியஸ் தனக்கு ஒரு பெரிய அரண்மனை கட்டியது சூசாவில்.

நினிவே கி.மு. 612இல் மேதியரும் பாபிலோனியரும் சேர்ந்து தாக்கியதில் விழுந்தது. அந்தத் தோட்டத்துச் சிற்பத்தை இன்னொரு முறை பாருங்கள். கட்டிலில் சாய்ந்திருக்கும் அசூர்பனிபாலின் முகத்தையும் எதிரே இருக்கும் ராணியின் முகத்தையும் யாரோ கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். திராட்சைக் கொடியைத் தொடவில்லை. மரத்தில் தொங்கும் தலை அப்படியே இருக்கிறது.